பழைய பீரோ, மர மேசைக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே மெஷினில் பெயிண்ட் அடிக்கலாமா?

பெரம்பூர்காரி

வணக்கம். மாமியார் வீட்டைக் காலி செய்தபோது மூன்று சாமான்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒன்று பச்சை ஹாமர்டோன் போட்ட இரும்பு பீரோ. கால் பக்கமெல்லாம் துரு, கதவில் ஆங்காங்கே பெயிண்ட் பொரிந்து நிற்கிறது. அடுத்தது மர எழுதுமேசை. அதன்மேல் யாரோ வெள்ளை எனாமல் தீட்டியிருக்கிறார்கள். அடியில் என்ன மரம் என்று தெரியாது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடிகிறது. மூன்றாவது சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் புத்தக அலமாரி.

காயலாங்கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு மனசில்லை. கையில் பிடித்து அடிக்கிற கரண்ட் ஸ்ப்ரே மெஷின் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். பிரஷ் தடமே இல்லாமல் வரும் என்கிறார்கள். மொட்டைமாடி இருக்கிறது. வாங்கலாமா? எதில் ஆரம்பிப்பது? வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை மரச்சில்லு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலி, ஸ்டூல் வாங்கி வந்து சரிசெய்வது என் வழக்கம். மெஷினைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதைத் தொழில்காரர்கள் சொல்வார்கள்.

நீங்கள் பார்த்தது எச்.வி.எல்.பி. வகையாகத்தான் இருக்கும். காற்று நிறைய வரும், அழுத்தம் குறைவாக இருக்கும். பெயிண்ட் தூவுகிற கன் மூக்கில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) மேல் போகாது. அதனால் பெயிண்டில் பெரும்பங்கு பொருளில் ஒட்டும். கம்ப்ரெஸரில் மாட்டுகிற பழைய மாடல் கன் 40, 50 பி.எஸ்.ஐ.யில் வேலை செய்யும். பூச்சு இன்னும் மெல்லிசாக வரும், ஆனால் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். ஏர்லெஸ் என்று ஒன்று கடையில் காட்டுவார்கள். அது கட்டடச் சுவருக்கு, உங்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது நாசில், அதாவது பெயிண்ட் வெளிவருகிற துளையின் அளவைக் கட்டாயம் பாருங்கள். மர வார்னிஷ், லாக்கர் (தின்னரில் கரைகிற, சீக்கிரம் காய்கிற பூச்சு) மாதிரி தண்ணியான சரக்குக்கு 1.3, 1.4 மி.மீ. போதும். கலருக்கு முன்னால் போடுகிற அடிப்பூச்சான பிரைமருக்கு 1.8 வேண்டும். தண்ணீர் கலக்கிற பெயிண்ட் கெட்டியானது, அதற்கு 2.5 மாட்டினால்தான் அடைக்காமல் வரும். ஒரே நாசிலோடு வருகிற மெஷினை வாங்காதீர்கள்.

புதுப்பேட்டை கன்மேன்

மேடம், வண்டிக்கும் பீரோவுக்கும் பெயிண்ட் அடிப்பதுதான் எனக்குத் தொழில். கன் பிடிக்கிறது ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் தேய்க்கிறதுதான் பாக்கி எல்லாமே. கன் ஒரு குறையையும் மறைக்காது. பிரஷ்ஷாவது கொஞ்சம் மறைக்கும், கன்னில் அடித்தால் சின்னக் கீறல்கூட வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

பீரோவை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் தட்டு, கைப்பிடி, பூட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பீரோவைப் படுக்கப் போடுங்கள். காலுக்கு அடியில் பாருங்கள், துரு அங்கேதான் பிறக்கிறது. வீடு கழுவுகிற தண்ணீர் வருஷக்கணக்காக அங்கே நிற்கும். கம்பி பிரஷ் போட்டு உதிர்கிறதையெல்லாம் எடுங்கள். தகடு ஓட்டையாகியிருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள். வெல்டிங் கடையில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயிண்ட் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மேலே செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வந்தால் உரிக்க வேண்டும், வராவிட்டால் அது நல்ல அடித்தளம். உரித்த இடத்துக்கும் உரிக்காத இடத்துக்கும் நடுவில் ஒரு படி நிற்கும். அந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். கண்ணை மூடி நகத்தால் ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டக்கூடாது.

ஹாமர்டோனில் ஒரு சிக்கல். அந்தக் குழிக்குழியான தோற்றம் வருவதற்காக அதில் சிலிக்கான் சேர்ப்பார்கள். அதன்மேல் நேராக அடித்தால் புதுப் பெயிண்ட் வட்டவட்டமாக விலகிப் போகும். பிஷ் ஐ என்போம். அதனால் குழி தெரியாத அளவுக்கு வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, பிரைமர் போட்டு மூடிய பிறகுதான் கலர்.

வெறும் தகடு தெரிகிற இடத்தில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் விழ வேண்டும். நம்ம ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே காலையில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். பிரைமர் காய்ந்ததும் பள்ளத்துக்குப் பட்டி. மொத்தமாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தரம் இழுங்கள். பிறகு 220, கடைசியில் 400 நம்பர் பேப்பர்.

பெரம்பூர்காரி

ரொம்ப நன்றி அண்ணே. கலருக்கு எது? டூகோ அடித்தால் வழவழவென்று வரும் என்று கடையில் சொன்னார்கள்.

புதுப்பேட்டை கன்மேன்

வழவழவென்றுதான் வரும். ஆனால் எந்தக் குடும்பத்தில் ஆரம்பிக்கிறீர்களோ அதே குடும்பத்தில் முடியுங்கள். ரெட் ஆக்சைடு, சிந்தெடிக் எனாமல் இதெல்லாம் எண்ணெய் வகை, டர்பென்டைனில் கரையும். டூகோ என்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சரக்கு தின்னரில் கரையும். முழுசாகக் காயாத எண்ணெய் வகைப் பூச்சுமேல் என்.சி. தின்னர் விழுந்தால் கீழே இருப்பது ஊறி, சுருங்கி, தோல் மாதிரி எழும்பிவிடும். அப்புறம் மொத்தத்தையும் உரிக்க வேண்டியதுதான். வீட்டில் செய்கிறவர்களுக்குச் சிந்தெடிக் எனாமல் போதும். காய நேரமாகும், தூசி ஒட்டும், ஆனால் பொறுமையாகச் செய்ய விடும்.

மாதவரம் லேப்

டூகோ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை.

கையில் பிடிக்கிற அந்த மெஷினுக்குள் ஒரு மோட்டார் சுழல்கிறது. அதில் பொறி வரும். என்.சி. தின்னரில் டொலுயீன் இருக்கும். டொலுயீனின் ஆவி 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். சென்னையில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. அதாவது இங்கே அந்த ஆவி எப்போதும் தயாராக நிற்கிறது. மெஷினோடு வரும் புத்தகத்தில் எந்த ஃப்ளாஷ் பாயிண்டுக்கு (ஆவி தீப்பற்றும் நிலைக்கு வருகிற வெப்பநிலை) கீழே உள்ள சரக்கை ஊற்றக்கூடாது என்று போட்டிருப்பார்கள். தயவுசெய்து அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மினரல் டர்பென்டைன் அதைவிட எவ்வளவோ மேல், என்றாலும் மே மாத வெயிலில் மொட்டைமாடியில் அதையும் நம்ப முடியாது. தண்ணீர் கலக்கிற பெயிண்டில் இந்தப் பயம் இல்லை.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து படிக்கட்டு வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். பூஜை விளக்கு, அடுப்பு, தண்ணீர் மோட்டார் சுவிட்ச், எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பையன் இருப்பதாகச் சொன்னீர்கள். அதனால் ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2016ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் பீரோவும் மேசையும் அதற்கு முன்னால் பெயிண்ட் கண்டவை. பழைய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் லெட் குரோமேட் சேர்ப்பது சாதாரணம். எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்கும் ஈயச் சேர்மம் சேர்த்தார்கள், அதனால் வெள்ளை என்றாலும் நம்ப வேண்டாம். எனவே உலர் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெளித்துத் தெளித்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள், தூசி பறக்காது. வருகிற சேற்றைப் பழைய துணியில் துடைத்துக் கவரில் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அன்றைக்குப் போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைத்துவிடுங்கள், பையன் துணியோடு சேர்க்க வேண்டாம்.

மூணாவது மாடி

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் குடியிருப்பில் ஒருவர் பால்கனியில் ஜன்னல் கிரில்லுக்கு ஸ்ப்ரே அடித்தார். கீழே நின்ற கார்கள்மேல் பொடிப்பொடியாகப் படிந்து, கண்ணாடி சொரசொரவென்று ஆகிவிட்டது. சங்கக் கூட்டத்தில் பெரிய சத்தம். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா, வடாம் காய்கிறதா, கீழே வண்டி நிற்கிறதா என்று பார்த்து, முந்தின நாளே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான்கு மூங்கில் நட்டு மூன்று பக்கமும் பழைய சேலையோ தார்ப்பாயோ கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஊஞ்சல்பலகை

எல்லாரும் பீரோவையே பேசுகிறீர்கள். எனக்கு அந்த மேசைதான் கவலை.

அம்மா, அதற்கு எந்த மெஷினும் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இழுப்பறையை முழுசாக வெளியே உருவி, பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெயிண்ட் பட்டிருக்காது. ஒரு பிளேடால் இலேசாகச் சுரண்டி, மோந்து பாருங்கள். தேக்கு என்றால் பதப்படுத்தின தோலின் வாசனை வரும். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். மூலையில் ஆணி அடித்திருக்கிறதா, பல்லோடு பல் கோத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேக்காக இருந்தால் அதன்மேல் இன்னொரு வர்ணம் பூசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரம்பூர்காரி

ஐயா, பார்த்தேன். பொன்பழுப்பு நிறம், நடுநடுவே கறுப்பு ரேகை. நீங்கள் சொன்ன அதே தோல் வாசனை. மூலையில் ஆணியே இல்லை. அடிப்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதின ஏதோ நம்பர்கூட அழியாமல் இருக்கிறது.

ஊஞ்சல்பலகை

தேக்குதான். அந்த வெள்ளையை எடுங்கள். பெயிண்ட் ரிமூவரைத் திறந்த வெளியில், கெட்டியான கையுறை போட்டுத் தடவி, பெயிண்ட் நெளிந்து எழும்பியதும் அட்டைத் துண்டால் வழியுங்கள். இரும்புச் சுரண்டி மரத்தில் கோடு விழ வைக்கும். செதுக்கு வேலை இருக்கிற காலில் பழைய பல் துலக்கி. தீக்காற்று அடிக்கிற மெஷின் வேண்டாம், பழைய பெயிண்டைச் சுட்டால் வருகிற புகையும் ஈயம்தான்.

பிறகு அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊற வைத்து, பஞ்சை மல் துணியில் கட்டி, எட்டு போடுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற ஸ்பிரிட் பாலிஷ். மரத்தின் ரேகை உள்ளிருந்து எழும்பி வரும். எந்தக் கன்னும் அதைத் தராது.

குரோம்பேட்டை மரச்சில்லு

ஐயா சொல்வதில் மரத்தைத் திறக்க வேண்டும் என்பதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் எழுதுமேசையின் மேல்பலகைக்கு ஸ்பிரிட் பாலிஷ் தாங்காது. சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். சானிடைசர் ஒரு சொட்டு சிந்தினால் கரைந்தே போகும், ஏனென்றால் அரக்கு ஆல்கஹாலில் கரைகிற பொருள். பையன் வீட்டுப்பாடம் எழுதப் போகிற மேசை. மேல்பலகைக்கு மட்டும் மேட் கிளியர் கோட் (பளபளக்காத, நிறமில்லாத பூச்சு) ஸ்ப்ரேயில் அடித்தால் ரேகையும் தெரியும், தண்ணீரும் ஏறாது.

அப்புறம், எல்லா மரத்தையும் இயற்கை நிறத்தில்தான் விட வேண்டும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். சந்தையில் கிடைக்கிற நாற்காலியில் பாதி, கால் ஒரு மரம், முதுகு இன்னொரு மரம். அதைப் பாலிஷ் போட்டால் ஒட்டுப் போட்டது அப்பட்டமாகத் தெரியும். நல்ல கரும்பச்சையில் ஒரே சீராக அடித்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உட்காரலாம்.

ஊஞ்சல்பலகை

கலப்பு மரத்துக்குச் சரி. நான் தேக்கையும் ஈட்டி மரத்தையும் சொல்கிறேன். மேல்பலகைக்குக் கிளியர் கோட் என்பதும் சரிதான், தடை இல்லை. ஆனால் ஒரு விஷயம். தேக்கின் எண்ணெய் எந்தப் பூச்சையும் ஒழுங்காகக் காய விடாது. அடிப்பதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் இறங்குவது நின்ற பிறகு, உடனே கோட். நாளைக்கு என்று தள்ளிப் போட்டால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.

தேக்கில் வெள்ளை அடித்தவர்களுக்கு வருகிற மஞ்சள் கறையும் மரச்சாறு ஊறி வருவதுதான். கறையை அடைத்து நிறுத்துகிற அரக்கு சீலர் போடாமல் எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் அது ஊடுருவும்.

பெரம்பூர்காரி

மேசையின் வெள்ளையிலும் ஓரங்களில் அந்த மஞ்சள் இருக்கிறது! அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளியர் கோட்டை எந்த நேரத்தில் அடிப்பது? இந்த ஊர் ஈரத்தில் காயுமா?

புதுப்பேட்டை கன்மேன்

இதுதான் சென்னைக்கான கேள்வி.

லாக்கர் சரக்கு காயும்போது தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பொருளின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பூச்சில் பனி இறங்குகிற மாதிரி தண்ணீர் படியும். கிளியர் கோட் பால் நிறமாகிவிடும். பிளஷ் அடித்துவிட்டது என்போம். ஐப்பசி கார்த்திகையில் பட்டறையில் நாங்கள் கிளியரை எடுப்பதே இல்லை. அவசரம் என்றால் மெதுவாக ஆவியாகிற ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்ப்போம். ஏற்கெனவே வெளுத்துவிட்டால் அதே ரிடார்டரை மெல்லிய தூவலாக மேலே விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

விடியற்காலையில் காற்று அசையாது என்று ஆரம்பிக்காதீர்கள், அப்போதுதான் ஈரம் அதிகம். வெயில் ஏறி, பனி வற்றின பிறகு, பத்து பத்தரைக்கு ஆரம்பியுங்கள். மதியத்தில் கடற்காற்று திரும்பியதும் மறுபடி பிசுபிசுக்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும். கத்திரி வெயிலில் இதற்கு நேர்மாறு. பெயிண்ட் பொருளைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று விழும். அப்போது நிழலில் அடிக்க வேண்டும். தகடு கை பொறுக்காத சூடு என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கம்ப்ரெஸர் வைத்திருப்பவர்களுக்கு: டாங்கின் அடியில் இருக்கிற திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். இந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். அது கன் வழியாகப் பூச்சில் வந்தால் கொப்புளம்.

மாதவரம் லேப்

கிளியர் கோட் என்றதும் கடையில் டூ-கே பி.யூ. (இரண்டு டப்பா கலக்கிற பாலியூரித்தேன்) தருவார்கள், இறுக வைக்கிற ஹார்டனர் டப்பா தனியாக வரும். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரேயில் அடித்தால் நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமா உண்டாக்கக்கூடியது. அதற்குத் தொழிற்சாலைகளில் வெளியிலிருந்து காற்று தருகிற முகமூடி போடுகிறார்கள். வீட்டில் அதை ஸ்ப்ரே பண்ணவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரில் கலக்கிற ஒரே டப்பா பி.யூ. வாங்குங்கள்.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியைப் பிடிக்கிற டப்பி) போட்ட அரைமுக ரெஸ்பிரேட்டர், அதன்மேல் தூசி ஃபில்டர், இரண்டும் வேண்டும். அமெரிக்காவில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் 1880களில் தொண்டைக்கு மருந்து தூவுவதற்காக ஒரு கருவி செய்தார். அவர் மகன் அந்த வித்தையைத்தான் பெயிண்ட் கன்னாக மாற்றினார். தொண்டைக்குள் இறங்குவதற்காகவே பிறந்த தூவல் இது. மாஸ்க் இல்லாமல் அடித்தால் பெயிண்டும் அங்கேதான் இறங்கும்.

வில்லிவாக்கம் அப்பா

சன்மைக்கா அலமாரியை மறந்துவிட்டோம். பழகுவதற்கு அதுதான் சரி. எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பளபளப்பு போகிற மட்டும் 220ல் தேய்த்து, வழவழப்பில் ஒட்டுகிற பிரைமர் கேட்டு வாங்குங்கள். மேலே தண்ணீர் வகை எனாமல். ஓரம் பிரிந்திருந்தால் முதலில் பசை வைத்து அழுத்தி ஒட்டிவிடுங்கள்.

பெரம்பூர்காரி

கன்னை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிவிடுங்கள்.

புதுப்பேட்டை கன்மேன்

பெயிண்டை நைலான் வடிகட்டியில் வடிக்காமல் ஊற்றவே கூடாது. ஒரு சின்னக் கட்டி போதும் அடைக்க. பதம் பார்க்க பி4 கப் என்று ஒன்று கிடைக்கும். அடியில் 4 மி.மீ. ஓட்டை. அது ஒழுகி முடிய எத்தனை வினாடி என்று எண்ணுவோம். லாக்கருக்கு 20 வினாடியை ஒட்டி. தண்ணீர் வகைக்கு டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்குமேல் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

ஒரு பழைய டிவி அட்டைப்பெட்டியை நிறுத்தி அதில் அடித்துப் பழகுங்கள். பொருளுக்கும் கன்னுக்கும் ஒரு சாண் இடைவெளி. மணிக்கட்டைத் திருப்பாமல் தோளிலிருந்து கை மொத்தமும் நேராகப் போக வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் தூசியாகவும் விழும். விசையைப் பொருளுக்கு வெளியிலேயே அழுத்தி, அந்தப் பக்கம் தாண்டினதும் விடுங்கள். அடுத்த வரிசை முந்தின வரிசையில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் ஒழுகும்.

பக்கவாட்டில் நின்று வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். ஈரம் ஒரே சீராக மின்னிக்கொண்டு போகும். மின்னல் எங்கே அறுபடுகிறதோ அங்கே பெயிண்ட் போதவில்லை.

முடிந்த உடனே கழுவ வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து கழுவுகிறேன் என்றால் உள்ளே இறுகிவிடும். ஊசியையும் நாசிலையும் கழற்றிக் கழுவுங்கள். கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப் போடாதீர்கள், உள்ளே இருக்கிற வாஷரெல்லாம் கெட்டுப்போகும். அழுக்குத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடி வையுங்கள். தெளிந்த மேல்பகுதியை அடுத்த தடவை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர்காரி

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். மூன்று நாசிலோடு வருகிற மெஷின், ரெஸ்பிரேட்டர் இரண்டும் வாங்குகிறோம். முதலில் சன்மைக்கா அலமாரி, தண்ணீர் வகைப் பெயிண்ட். பிறகு பீரோ. மேசையை உரித்து, காலுக்கும் இழுப்பறைக்கும் ஊஞ்சல்பலகை ஐயா சொன்ன ஸ்பிரிட் பாலிஷ், மேல்பலகைக்குத் தண்ணீர் வகை மேட் கிளியர். மழைக்காலத்துக்கு முன்னால் பீரோவையாவது முடித்துவிட நினைக்கிறோம். தேய்க்கிற வேலை நடக்கிற நாட்களில் பையன் என் அம்மா வீட்டில் இருப்பான்.

கடைசியாக ஒன்று. பீரோவுக்கு எனாமல் அடித்து எத்தனை நாள் கழித்துத் துணி வைக்கலாம்? பட்டுப்புடவைகள் இருக்கின்றன.

புதுப்பேட்டை கன்மேன்

தொட்டால் ஒட்டாது என்பது மறுநாளே வந்துவிடும். அது காய்ந்தது ஆகாது. கதவைத் திறந்தே போட்டு வையுங்கள், குறைந்தது இரண்டு வாரம். பிறகு ஒரு நாள் ராத்திரி கதவைச் சாத்திவைத்து, காலையில் திறந்து மோந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னும் ஒரு வாரம் திறந்து வையுங்கள். பட்டு வாடையைப் பிடித்துக்கொண்டால் விடாது. கதவு ஓரமும் சட்டமும் உரசுகிற இடத்தில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள், புதுப் பெயிண்ட் ஒன்றோடொன்று ஒட்டி உரியாமல் இருக்கும். காலுக்கு அடியில் ரப்பர் புஷ் மாட்டிவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும்.